வார் இல்லாத துப்பாக்கி

போன வாரம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வங்கிக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு வாடிக்கையாளராக வங்கிக்குள் நுழைவது எனக்கு இன்னும் பழகவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் உட்காரத்தான் கால் இழுக்கிறது. வாசலில் காவலுக்கு இருந்தவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியைத் தோளில் மாட்டுகிற வார் தரையில் புரண்டு கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டிப் போனேன். போனவளுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, "தம்பி, அதைக் கையில எடுத்து வெச்சுக்கங்களேன்" என்றேன்.

"குண்டு போடலை மேடம், பயப்படாதீங்க" என்றார் அவர்.

பயமா! எனக்கு வந்தது கோபம். அந்த இடத்தில் மிலிட்டரி நின்றிருந்தால் என்று நினைத்தேன். நினைத்தபிறகு பணம் கட்டுகிற சலானில் தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன். முப்பது வருடத்துக்கும் மேலாகக் காசாளராக இருந்தவள் எழுதுகிற சலானா அது?

நாமக்கல்லில் நான் தலைமைக் காசாளராக இருந்த கிளையில் பத்து வருடத்துக்கும் மேலாக வாசலில் நின்றவர் அவர். பெயர் வேண்டாம். அங்கேயும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு, வாடிக்கையாளர்களுக்கு, எதிரே டீக்கடைக்காரருக்கு, எல்லோருக்கும் அவர் மிலிட்டரிதான்.

அவருடைய துப்பாக்கி வங்கியுடையது அல்ல, அவருடையது. பட்டாளத்திலிருந்து திரும்பியதும் லைசென்ஸ் எடுத்து, பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருந்தார். சொந்தத் துப்பாக்கியோடு வருகிற ஆள் என்றால் காவல் ஏஜென்சிக்காரர்கள் உடனே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்தத் துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒன்றும் குழலுக்குக் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்பு வளையங்கள் இருந்தன. வாரைக் கோக்கிற வளையங்கள். இரண்டும் காலி. காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து சாயங்காலம் இறங்கும் வரை துப்பாக்கி அவருடைய இரண்டு கைகளிலும் நெஞ்சுக்குக் குறுக்கே இருக்கும். தோளில் மாட்டமாட்டார், சுவரில் சாய்க்கமாட்டார், மடியில் வைக்கமாட்டார். உட்காரவே மாட்டார் என்பது வேறு விஷயம்.

நான் மாற்றலாகி வந்த முதல் நாள் வாசலில் நின்று, "வணக்கம்ங்க" என்று இரண்டு கையையும் கூப்பினேன். அவர் தலையை மட்டும் ஒரு விரற்கடை அசைத்தார். எனக்குச் சுருக்கென்றது. விடிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, சேலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறேன், வயசுக்கு மரியாதை கொடுத்துக் கும்பிடுகிறேன், இந்த மனுஷனுக்கு அவ்வளவு கொழுப்பா? உள்ளே போனதும் மேனேஜரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"கை காலியா இருந்தாத்தானே மேடம் கும்பிடுவாரு?"

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். டீயை இடது கையால்தான் குடிப்பார். அதுவும் மூன்றே மடக்கு. வலது கை துப்பாக்கியில் இருக்கும். வடையைத் தொடமாட்டார். சட்னியைத் தொட்டுச் சாப்பிட இரண்டு கை வேண்டுமே. வெள்ளிக்கிழமை எங்கள் பியூன் கோவிலிலிருந்து திருநீறு கொண்டுவந்தால், மிலிட்டரி நெற்றியை நீட்டுவார், பியூன் பூசிவிடுவார். துப்பாக்கியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மொபட் ஓட்ட முடியாது என்பதால் தினமும் எருமப்பட்டி பஸ்ஸில்தான் வந்துபோவார். கண்டக்டர் அவர் சட்டைப்பையிலிருந்து தானே காசை எடுத்து, தானே டிக்கெட்டை உள்ளே செருகிவிடுவார். வண்டி குலுங்கினாலும் கம்பியைப் பிடிக்கமாட்டார். கம்பியில் தோளைச் சாய்த்து நிற்பார். அவர் தோளுக்கு இருந்த ஒரே வேலை அதுதான் போல.

கேட்டால் ஒரே பதில்தான். "தோளுக்குப் போனது தூங்கிப்போயிருமுங்க."

கொண்டப்பநாயக்கன்பட்டியில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அவரையும் அழைத்திருந்தேன். துப்பாக்கி இல்லாமல் வந்தார். ஆனால் கொல்லிமலைப் பலாப்பழம் ஒன்றை அதே மாதிரி நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு வந்தார். நான் கும்பிட்டேன். பலாப்பழத்துக்கு மேலே தலை ஒரு விரற்கடை அசைந்தது. என் வீட்டுக்காரர் பழத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அவ்வளவுதான், மிலிட்டரி சுற்றுமுற்றும் பார்த்தார், ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக் குறுக்கே பிடித்துக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்த நேரம் போக, வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டது அவர்தான். என் நாத்தனார் அவரைப் பந்தல்காரர் என்றே நினைத்து, இன்னும் பத்து நாற்காலி கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். அவரும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

தேர்தல் வந்தால் பாவம், அவர் பாடு திண்டாட்டம். தேர்தல் முடியும் வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலர்களுக்கு விலக்கு கேட்கலாம். ஒரு வருடம் எங்கள் மனு தாமதமாகப் போய்விட்டது. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயிற்று. மறுநாள் வாசலில் மிலிட்டரி கைகளை முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், பாக்கெட்டில் விட்டார், எடுத்தார். புதுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். பத்து மணிக்கு மேனேஜரின் குடையைக் கேட்டு வாங்கிக் குறுக்கே பிடித்துக்கொண்ட பிறகுதான் மனுஷனுக்கு மூச்சே வந்தது. "ஓட்டு எண்ணற வரைக்கும் மேனேஜர் நனையணும்" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள்.

அந்தத் தெருவில் எங்கள் வங்கிக்கு நேர் எதிரே இன்னொரு வங்கி இருந்தது. அங்கேயும் ஒரு துப்பாக்கிக் காவலர். ராசிபுரத்துக்காரர், தறிக்காரக் குடும்பம், அவரும் எல்லையில் பல வருடம் நின்றவர்தான். ஆனால் இவருக்கு நேர் எதிர். துப்பாக்கி பழைய தோல் வாரில் தோளில் தொங்கும். இரண்டு கையும் சும்மா இருக்காது. கடலை உரிக்கும், பேப்பர் புரட்டும், போகிற வருகிற குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளும். டீக்கடையில் இருவரும் சேர்ந்துவிட்டால் துப்பாக்கிக்கு வார் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஒன்பது வருடமும் அதே சண்டை. கடையின் ஒரு பெஞ்சு வார் கட்சி, இன்னொரு பெஞ்சு கை கட்சி. லாரி பாடி கட்டுகிற பட்டறைக்காரர்கள் வார் கட்சி. முட்டை ஏஜெண்டுகள் கை கட்சி, கையில் வைத்திருந்தால்தான் உடையாது என்பது அவர்கள் அனுபவம்.

"யோவ் மிலிட்டரி, ரெண்டு கையையும் துப்பாக்கிக்கே எழுதிக் குடுத்துட்டே. பக்கத்துல ஒருத்தன் உழுந்தா எதைய வெச்சுத் தூக்குவே?" என்பார் ராசிபுரத்தார், கடலைத் தோலை ஊதிக்கொண்டே.

"உழுகாம பாத்துக்கறதுதான் நம்ம வேலை. தூக்கறது அப்பறம்."

"அப்ப வார் கண்டுபுடிச்சவன் கூமுட்டையா?"

"அவன் நடந்து போறதுக்குக் கண்டுபுடிச்சான். நிக்கறதுக்கு இல்லை."

இது முடியாது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கும் கடை உண்டுங்க" என்று சொல்லி இருவரையும் கிளப்பிவிடுவார்.

வாரம் ஒருமுறை எங்கள் கிளையிலிருந்து எருமப்பட்டிக் கிளைக்குப் பணம் போகும். வாடகை ஜீப். முன் சீட்டில் டிரைவர் சேகரும் மிலிட்டரியும், பின்னால் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டியோடு நானும். சேகர் வாய் ஓயாதவன், வண்டியில் பாட்டும் ஓயாது. ஒருநாள் போகிற வழியில் நானே வாயைக் கொடுத்தேன்.

"ஏனுங்க, ஒரு வார் மாட்டிக்கிட்டா என்னவாம்? கை வலிக்கலையா?"

"வலிக்குமுங்க அம்மணி. வலிச்சாத்தானுங்க கையில இருக்குதுன்னு தெரியும்." கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார். "வடக்க ஒரு மலையில நானும் எஞ்சோட்டாளி ஒருத்தனும் பாராவுல இருந்தமுங்க. அப்படி ஒரு குளுரு. அவன் துப்பாக்கியத் தோள்ல மாட்டிட்டு, ரெண்டு கையையும் அடுப்புக்கிட்ட நீட்டிட்டிருந்தான். சித்த நேரம்டான்னான். தோள்ல இருந்து கைக்கு வர மூணு எண்ணற நேரமாகுமுங்க. அவனுக்கு ரெண்டுதான் கெடைச்சுது."

சேகர் பாட்டை நிறுத்தினான்.

"எனக்குக் கையில இருந்துச்சு. நான் இருக்கறேன்" என்றார். "அன்னைக்குக் கழட்டுனதுதானுங்க அந்த வார். அப்பறம் துப்பாக்கியப் பறிச்சுட்டு ஓடறாங்கன்னு, வாரைப் போட்டு இடுப்புப் பெல்ட்டோட சங்கிலியில கட்டச் சொன்னாங்க. உத்தரவுங்களே, கட்டுனேன். கையை மட்டும் எடுக்கலை."

அதற்கப்புறம் நான் அவரை வார் பற்றிக் கேலி பேசியதில்லை. சேகர் மட்டும் எப்போதாவது, "அண்ணே, கை வலிச்சா சொல்லுங்க, நான் சித்த பிடிக்கறேன்" என்பான். "நீ ஸ்டேரிங்கைப் புடி சாமி" என்பார் மிலிட்டரி.

ஒரு மே மாதம். உச்சி வெயில். எருமப்பட்டிக்குப் போகிற வழியில் ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்துப் புகைவிட்டது. ரோட்டை ஒட்டி ஒரு தோட்டம், அதில் பெரிய கிணறு. சுற்றிலும் ஆள் அரவமே இல்லை, மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. சேகர் கேனை எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினான். நானும் மிலிட்டரியும் ஜீப்பை விட்டு நகரவில்லை. கல் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரில் தொப்பென்று ஒரு சத்தம்.

"அண்ணே! காலு முறிஞ்சிருச்சுண்ணே! அண்ணே!"

மிலிட்டரி கிணற்று மேட்டுக்கு ஓடினார். நான் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கிணற்றின் விளிம்பு தெரிந்தது, உள்ளே தெரியவில்லை. சேகரின் குரல் மட்டும் மேலே வந்தது, அவன் கத்தியதிலிருந்துதான் புரிந்தது. நீச்சல் தெரிந்தவன்தான். ஆனால் காலை அசைக்க முடியவில்லை. மோட்டாருக்குப் போகிற பிளாஸ்டிக் பைப்பைப் பிடித்துத் தொங்குகிறான். அது வளைகிறது. "பைப்பு கழண்டுக்குதுண்ணே!"

மிலிட்டரி அங்கேயே நின்றார். இரண்டு கையிலும் துப்பாக்கி. படி சரிந்துபோன கிணறு, இரண்டு கையும் காலியாக இல்லாமல் இறங்க முடியாது. துப்பாக்கியைக் கீழே வைக்கக்கூடாது, யாரிடமும் கொடுக்கக்கூடாது, பணத்தை விட்டு நகரக்கூடாது. அந்த மனுஷன் ஒன்பது வருடமாக ஒரு நாளும் மீறாத மூன்றும் ஒரே நேரத்தில் அவர் முன்னால் வந்து நின்றன. அவர் கிணற்றைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியொரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"பாத்துட்டே நிக்கறீங்களே! புள்ளை செத்துருவான்!" என்று கத்தினேன்.

ஓடிவந்தார். துப்பாக்கியை மடக்கி இரண்டு தோட்டாவையும் உருவிப் பாக்கெட்டில் போட்டார். என் கையில் கொடுத்தார். கொடுத்தவர் பிடியை விட ஒரு கணம் யோசித்தார். நான்தான் இழுத்து வாங்கினேன்.

"ரெண்டு கையிலயும் புடிங்க அம்மணி. கீழ வெச்சராதீங்க. பொட்டியை உட்டு நகராதீங்க."

அடுத்த நிமிஷம் அவர் தலை கிணற்றுக்குள் மறைந்தது.

துப்பாக்கி அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது, துடைக்க முடியவில்லை. முந்தானை சரிந்தது, இழுத்துவிட முடியவில்லை. பைக்குள் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த வெயிலில் எனக்கு வந்த முதல் நினைப்பே, இந்த மனுஷன் இத்தனை வருடம் இப்படித்தான் நின்றாரா என்பதுதான். அந்த நேரம் பார்த்து மாட்டுத் தீவனப்புல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் மொபட்டில் வந்தார். தெய்வமாகப் பார்த்து அனுப்பியது என்று நினைத்து, "அண்ணா, இங்க வாங்க, சீக்கிரம் வாங்க!" என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நடுரோட்டில் புகைவிடும் ஜீப்பு, பட்டுக்கரைச் சேலை, கையில் இரட்டைக் குழல். வண்டியை அப்படியே திருப்பினார் பாருங்கள், புல்லுக்கட்டு அவிழ்ந்து விழுந்ததைக்கூட எடுக்காமல் பறந்துவிட்டார்.

கிணற்றிலிருந்து சேகரின் குரல் நின்றுவிட்டது. பிறகு மிலிட்டரியின் குரல் கேட்டது, மெதுவாக, மேலே மேலே வந்தது.

"தூங்காத சாமி. தூங்கிராத. கண்ணைத் தொற. இன்னும் நாலு படி. தூங்கிராதடா தங்கம்."

விளிம்பில் முதலில் அவர் தலை தெரிந்தது. தோளில் சேகர். வலியில் பாதி மயங்கி, தலை தொங்கி, கால் ஒன்று திரும்பிக் கிடந்தது. எதையுமே தோளில் ஏற்றாத மனுஷன் அவனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். புளியமர நிழலில் இறக்கினார், கன்னத்தைத் தட்டினார், அவன் கண்ணைத் திறந்து "அண்ணே" என்றதும் எழுந்து என்னிடம் வந்து ஈரமான இரண்டு கைகளையும் நீட்டினார். துப்பாக்கியைக் கொடுத்தேன்.

முட்டை ஏற்றிப்போன வண்டி ஒன்று நின்று சேகரை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. கிளையிலிருந்து வேறு வண்டி வந்தது. பெட்டி பத்திரமாக எருமப்பட்டி போய்ச் சேர்ந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

டிரைவருக்குக் கால் முறிந்திருக்கிறதே, எழுத்தில் அறிக்கை வேண்டும் என்றார் மேனேஜர். பொறுப்பு அதிகாரி நான். அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். படிவத்தில் ஒரு கேள்வி: சம்பவத்தின்போது ஆயுதம் யார் வசம் இருந்தது? பேனா நின்றது. லைசென்ஸ் இல்லாத என் கையில் கொடுத்தார் என்று எழுதினால் அவருடைய லைசென்ஸ் போகும், துப்பாக்கி போகும், வேலையும் போகும். அந்த மனுஷனிடமிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டால் அவர் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? குடை பிடித்து நின்ற தேர்தல் நாள்தான் என் கண்முன்னால் வந்தது. எழுதிவிட்டேன்: "காவலர் ஆயுதத்தை வாரில் தோளில் மாட்டியபடியே கிணற்றில் இறங்கினார்."

அனுப்பியும் விட்டேன். ஒன்பது வருடம் வார் சண்டையைக் காது புளிக்கக் கேட்டவள்! மறுநாள் மதியம் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"மேடம், அவர் துப்பாக்கியில வார் ஏது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாளைக் காலையில் சேலத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வருகிறாராம். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். முதலில் துப்பாக்கியைத்தான் வாங்கிப் பார்ப்பார்.

சாயங்காலம் ஷட்டர் பாதி இறங்கிய நேரத்தில் வாசலுக்குப் போய் மிலிட்டரியிடம் சொன்னேன்.

"பொய்யி எழுதிப்போட்டீங்களாக்கும்" என்றார்.

"உங்க துப்பாக்கி போயிருமேன்னுதான் எழுதினேன்."

"போனாப் போகுதுங்க. நான் குடுத்தது நெசந்தானுங்களே. நாளைக்கு அவருகிட்ட நானே சொல்லிப்போடறேன்."

"சொன்னா என் வேலை போயிரும்ங்க. நான் பொய் ரிப்போர்ட் குடுத்திருக்கேன்."

அவர் அதை யோசிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. குனிந்து அந்தக் காலி வளையத்தைக் கட்டைவிரலால் தடவினார். தெருவில் பஸ் ஒன்று போயிற்று. அவருடைய எருமப்பட்டி பஸ். அவர் ஏறவில்லை.

"சேரிங்க அம்மணி. நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார்.

மறுநாள் வங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது என் கண் முதலில் எதிர் வங்கி வாசலுக்குத்தான் போனது. ஏனென்றால் அங்கே ராசிபுரத்தார் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வீட்டுக் குழந்தையை வாங்கி வைத்திருப்பவர் மாதிரி, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தார். கடலை இல்லை, பேப்பர் இல்லை. அவர் துப்பாக்கியில் வார் இல்லை.

டீக்கடைக்காரர்தான் பிறகு எனக்குச் சொன்னார். முந்தின நாள் மிலிட்டரி தெருவைக் கடந்து போய், "ஒருக்கா அந்த வாரைக் குடு" என்றாராம். இரண்டு பெஞ்சும் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறது. ராசிபுரத்தார் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் பார் என்று சிரிக்கவும் இல்லை. மிலிட்டரிக்குக் கோக்கத் தெரியாதா என்ன? இருந்தாலும் ராசிபுரத்தாரே கோத்து, நீளம் பார்த்து இறுக்கிக் கொடுத்திருக்கிறார். "புதுசு வாங்குனா பளபளன்னு காட்டிக் குடுத்துரும். இது எம்பட வேர்வையில ஊறுனது, கொண்டு போ" என்றாராம்.

நான் எங்கள் படியருகே போனேன். மிலிட்டரியின் இடது தோளில் துப்பாக்கி தொங்கியது. தொங்கிய துப்பாக்கியைப் பார்த்து நான் நிற்க, அவர் என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் மெதுவாக மேலே கொண்டுவந்து நெஞ்சுக்கு நேராகக் கூப்பினார்.

"வணக்கமுங்க அம்மணி."

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. நேராக உள்ளே போய், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். துப்பாக்கியை வாங்கினார், வாரை இழுத்துப் பார்த்தார், ஓரம் கறுத்துப்போயிருந்த தோலை விரலால் நெருடினார். "பழசா இருக்கே, எத்தனை வருஷமா?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷனாயிற்றே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பத்துப் பன்னெண்டு வருசத்துத் தோலுங்க அது" என்றார் மிலிட்டரி. அது உண்மைதான். அதிகாரி தலையாட்டினார், சேகரைக் காப்பாற்றியதற்குக் கை குலுக்கினார், கிளம்பினார். காவலர் ஆயுதத்தை வாரோடு வைத்திருக்கிறார், அது நல்ல பழக்கம் என்று குறிப்பில் எழுதிவிட்டும் போனார். அதோடு கதை முடிந்தது, இனி அதைக் கழற்ற முடியாது.

எட்டு மாதம் வாரோடு நின்றார். எதிர் வாசலில் ராசிபுரத்தார் வார் இல்லாமலே நின்றார். ஊருக்கெல்லாம் அது கொண்டாட்டமாக இருந்தது. பென்ஷன் வாங்க வரும் வயதான அம்மாக்களைக் கைபிடித்துப் படியேற்றினார். குழந்தைகளோடு கை குலுக்கினார். ஊன்றுகோலோடு சேகர் வந்த அன்று அவனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அதையெல்லாம் பார்த்தவர்கள் வார்தான் சரி என்பார்கள். நானும் ஒருநாள், "நல்லாத்தானே இருக்கு, கை ரெண்டும் காலியா?" என்று கேட்டேன்.

"ஊருக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "எனக்குத்தான் அம்மணி, கை சும்மா இருக்கறப்ப அடுப்புக்கிட்ட அவனாட்டவே நிக்கற மாதிரி இருக்குது."

ஒவ்வொரு காலையும் அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். ஒரு நாள்கூட விடவில்லை. அவர் நன்றியாகத்தான் கூப்பினார், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலிக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் என்னால்தானே என்று நெஞ்சில் குத்தும். வங்கிக்கு வேறு வாசல் ஒன்று இருந்திருந்தால் அந்த வழியாக உள்ளே போயிருப்பேன். அவர் துப்பாக்கியைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்று நினைத்தேன். அவர்தான் அதைக் கையில் பிடிப்பதை விட்டுக்கொடுத்து என் வேலையைக் காப்பாற்றினார்.

அறுபது முடிந்ததும் ஏஜென்சி அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. கடைசி நாள் சால்வை போர்த்தினோம், மிக்சரும் லட்டும் கொடுத்தோம். ஷட்டர் இறங்கியது. மிலிட்டரி படியில் நின்றபடியே வாரைக் கழற்றினார். சுருட்டினார். தெருவைக் கடந்து போய் ராசிபுரத்தார் கையில் வைத்தார். அவர் அதை வாங்கித் துப்பாக்கியில் கோக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எருமப்பட்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவருடைய சட்டைப்பையில் கைவிட்டுக் காசை எடுத்தார். துப்பாக்கி அவருடைய இரண்டு கைகளிலும், நெஞ்சுக்குக் குறுக்கே. தோள் கம்பியில் சாய்ந்திருந்தது. நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, "போயிட்டு வாங்க. வணக்கம்" என்று இரண்டு கையையும் கூப்பினேன்.

அவர் தலையை ஒரு விரற்கடை அசைத்தார்.

பஸ் போய்விட்டது. கூப்பிய கையை இறக்க எனக்குத்தான் சித்த நேரம் ஆயிற்று.